ஆறுதலாக வளரும் கோழி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாம்பல்தீவில் எங்கள் வளவில் ஒன்பது வருடமாக இறைச்சிக்குக் கோழி வளர்க்கிறேன். ஒரு தொகுதிக்கு அறுபது, மிஞ்சிப்போனால் எண்பது. கோழி வாங்க வருபவர்கள் படலையடியில் நின்றபடி கேட்கும் கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதிவைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

ஆறுதலாக வளரும் கோழி என்றால் ஊர்க்கோழிதானே அக்கா? அதற்கு ஏன் புதுப் பெயர்?

ஊர்க்கோழியும் அதில் அடக்கம். ஆனால் அது மட்டுமல்ல. கணக்கு நாளில் இருக்கிறது. புரொயிலர் 35 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஊர்ச்சேவல் ஒன்றரைக் கிலோ வருவதற்கு ஐந்து, ஆறு மாதம் எடுக்கும். நடுவில் இரண்டு வகை உண்டு. இறைச்சிக்கென்றே உருவாக்கிய நிறக் கோழிகள் 11, 12 வாரத்தில் இரண்டு கிலோவை எட்டும். முட்டைக்கும் இறைச்சிக்குமாக வளர்க்கும் ரோட் ஐலண்ட் ரெட் போன்ற இனங்களின் சேவல்கள் 16 வாரத்தில் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். நான் வளர்ப்பது இந்தக் கடைசி வகை. அதில் மொட்டைக்கழுத்துக் கோழியின் இரத்தமும் கலந்திருக்கிறது. 16 வாரத்தில் ஒன்றேமுக்கால் கிலோ வந்தால் எனக்குத் திருப்தி.

ஐரோப்பாவில் ஒரு நாளைக்குச் சராசரியாக 50 கிராமுக்கு மேல் ஏறாத கோழியையே மெதுவாக வளர்வது என்று பொதுவாகக் கணக்கெடுக்கிறார்கள். பிரான்சின் 'லேபல் ரூஜ்' முத்திரை பெற வேண்டுமானால் 81 நாளுக்கு முன் அறுக்கக் கூடாது. பெயரில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வயதைச் சொல்லி விற்கிறேன், அவ்வளவுதான்.

கடைக் கோழிக்கு ஹோர்மோன் ஊசி போடுகிறார்களாமே? அதற்குப் பயந்துதானே இதை வளர்க்கிறீர்கள்?

இல்லை. இந்தக் கதையைச் சொன்னால் என் கோழி கூடுதலாக விற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது பொய். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. வளர்ச்சி ஹோர்மோன் ஒரு புரதம் என்பதால் தீனில் கலந்தாலும் வயிற்றில் செரித்துப் போய்விடும்.

வேகம் இனத்திலேயே இருக்கிறது. கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வழிகளுக்கு ஒரே தீனைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் நிறை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாக வேகமாய்ப் பருப்பவற்றையே தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதன் விளைவு இது.

அப்படியென்றால் புரொயிலரில் என்னதான் குறை?

உடம்பு ஓடுகிற ஓட்டத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. மார்பு பருக்கப் பருக்க நடக்கச் சோம்பி, தீன் தொட்டியடியிலேயே குந்திவிடும். குந்திய இடம் ஈரமானால் நெஞ்சும் காலும் புண்ணாகும். சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கட்டும். சில, நேற்று மாலை நன்றாகத் தின்றவை, காலையில் மல்லாந்து கிடக்கும். மார்பு இறைச்சியில் வெள்ளைக் கோடு கோடாகக் கொழுப்பு ஓடுவதையும், சில துண்டுகள் கட்டையைப் போல இறுகிக் கிடப்பதையும் சமைப்பவர்கள் கண்டிருப்பீர்கள். அதற்கும் காரணம் அதே வேகம்தான்.

குஞ்சு எங்கே எடுப்பது? மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிறவரிடம் எடுக்கலாமா?

நீலம், ரோஸ் என்று சாயம் தோய்த்த குஞ்சுகளைப் பிள்ளைகள் கேட்டு அழுவார்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் மிஞ்சும் சேவல் குஞ்சுகள். முட்டையிடாது, பருக்காது என்பதால் மலிவு. வளர்த்தால் 12 வாரத்திலும் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழேதான் நிற்கும். மார்பில் எலும்பு துருத்தும், ஆனால் ரசத்துக்கு அருமை. இப்படிப்பட்ட சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்லும் வழக்கத்தை ஜெர்மனி 2022 தொடக்கத்தில் தடைசெய்தது. எனவே அவற்றை வளர்ப்பதில் தப்பில்லை. 'ஊர்க்கோழிக் குஞ்சு' என்று பெயர் மாற்றி விற்பதுதான் தப்பு.

முதலில் உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். எந்த இனம், எப்போது வரும், தடுப்பூசி போட்டதா என்று அங்கே சொல்வார்கள். நல்ல குஞ்சுக்கு அடையாளம் சொல்கிறேன். தொப்புள் காய்ந்து மூடியிருக்கும். பின்புறம் ஒட்டாமல் சுத்தமாக இருக்கும். மல்லாக்கப் போட்டால் உடனே புரண்டு எழும்.

எந்த மாதத்தில் குஞ்சு இறக்குவது நல்லது?

மாசி தொடக்கத்தில். மாரி மழை ஓய்ந்திருக்கும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பெரும்போக அறுவடை தொடங்க, ஆலைகளில் புது உமியும் தவிடும் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் குஞ்சு வைகாசி முடிவில் விற்பனைக்கு வரும்போது நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வெளிநாட்டார் நிறைந்திருப்பார்கள். அடுத்தது ஆனி. குஞ்சுக்குச் சூடு வேண்டியிருக்கும் வாரங்களில் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். கோழி தீபாவளிக்குக் கணக்காக வரும். புரட்டாதியில் நவராத்திரி, ஐப்பசியில் கந்தசஷ்டி நாட்களில் வியாபாரம் படுத்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை நான் குஞ்சு இறக்குவதில்லை. ஒருமுறை இறக்கினேன். ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்து முதல் பத்து நாளிலேயே பாடம் படிப்பித்துவிட்டன.

பல்ப் போட்டும் குஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகிறதே, ஏன்?

நீங்கள் போட்டது எல்.ஈ.டி. பல்ப்பாக இருக்கும். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்ப் 100 வாட் ஒன்று, ஐம்பது குஞ்சுக்குப் போதும். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 32 முதல் 34 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று பாகையாகக் குறைத்துவரலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சையே பாருங்கள். பல்ப்புக்கு அடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. பரவலாகப் படுத்து, ஒன்றிரண்டு தீன் கொத்திக்கொண்டிருந்தால் சரி.

தகரத்தையோ கெட்டி அட்டையையோ வட்டமாக வளைத்து வையுங்கள். மூலை இருந்தால் பயத்தில் அங்கே ஓடி நெரிபடும். மின்சாரம் போகும் இரவுக்கு ஒரு பானையில் கரி நெருப்பு ஆயத்தமாக இருக்கட்டும். ஆனால் புகை வெளியேற வழி விடவேண்டும்.

எத்தனை கோழிக்கு எவ்வளவு இடம்? தகரக் கூரை போதுமா?

நான் மேலே சொன்ன லேபல் ரூஜ் விதியில் கொட்டிலுக்குள் சதுர மீற்றருக்கு 11 கோழி, வெளியே ஒன்றுக்கு இரண்டு சதுர மீற்றர். அது பிரான்சின் குளிருக்கு. எங்கள் வெயிலுக்குக் கொட்டிலில் ஐந்து அல்லது ஆறுக்கு மேல் வேண்டாம். தகரம் போட்டால் மேலே கிடுகு வேயுங்கள். வெறும் தகரத்தின் கீழ் மதியம் இரண்டு மணிக்கு நீங்களே பத்து நிமிடம் நின்று பாருங்கள். பக்கங்களில் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் வலை. நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே நீளமாய் விழாது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போதுதான் உண்மையான சோதனை. மலைநாட்டு மழையை அங்கேயே இறக்கிவிட்டு, வறண்டு கொதித்துக்கொண்டு இங்கே வருகிற காற்று அது. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயால் இரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். இந்த நாட்களில் விடியவும் பொழுதுபடவும் தீன் போட்டு, பத்து மணி முதல் மூன்று மணி வரை தொட்டியை எடுத்துவிடுகிறேன். தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வைத்து இரண்டு மணிக்கொரு தரம் மாற்றுவேன். மொட்டைக்கழுத்தைத் தேடிப் பிடித்ததும் இதற்காகத்தான். அந்த இனத்துக்கு உடம்பிலும் இறகு குறைவு, மற்றக் கோழிகளைவிட ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருக்கும். பார்வைக்கு நோயாளிபோல இருக்கும். வாங்க வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். வெயிலில் அதுதான் கடைசிவரை நிற்கும்.

உமி போட்டும் நாறுகிறதே?

குந்தியிருந்து மூக்கைக் கோழியின் உயரத்துக்குக் கொண்டுபோய் முகருங்கள். நீங்கள் நின்றபடி முகர்வது உங்கள் காற்று. கண் எரிந்தால் உமி ஈரமாகிவிட்டது என்று பொருள். மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் உமி போட்டு, வாரத்தில் இரண்டு தரம் கிளறி, தண்ணீர்ப் பாத்திரத்தடியில் நனைந்ததை அன்றன்றே அள்ளி எறியுங்கள். இரத்தக் கழிச்சல் பிடிப்பதும் இந்த ஈரத்திலிருந்துதான்.

மீன் கழிவு துறைமுகத்தடியில் சும்மா கிடைக்கிறது. அதையே போட்டு வளர்த்தால் தீன் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான். கறியில் சூடை மீன் மணக்கும். முதல் வருடம் நானும் மீன் தலையும் குடலும் அவித்துப் போட்டேன். கோழி நன்றாகத்தான் வந்தது. வாங்கிப்போன ஆசிரியை ஒருவர் மறுநாள் வந்து, "கோழிக்கறியா, கருவாட்டுக்கறியா தந்தீர்கள்?" என்று கேட்டார். கொழுப்பில் ஏறிய மணம் உப்பாலும் போகாது, தூளாலும் போகாது. மீன் கொடுப்பதானால் சிறு வயதில், அவித்து, கொஞ்சமாகக் கொடுங்கள். அறுப்பதற்கு மூன்று வாரம் முன்பே முற்றாக நிறுத்திவிடுங்கள்.

முதல் நான்கு வாரம் 20 வீதத்துக்குக் குறையாத புரதமுள்ள குஞ்சுத் தீனை வாங்கியே போடுங்கள், அதில் கைவைக்க வேண்டாம். பிறகு சோளம், குறுணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு என்று கலந்து 16, 17 வீதத்துக்கு இறக்கலாம். தவிடு பழசானால் கசக்கும், கோழியும் ஒதுக்கும். முருங்கை இலையைக் கட்டித் தொங்கவிட்டால் எக்கி எக்கிக் கொத்தும். தோலுக்கு மஞ்சள் ஏறும், ஒன்றையொன்று கொத்துகிற பழக்கமும் குறையும்.

வெளியே மேயவிட்டால் தீனே தேவையில்லை என்கிறார்களே?

பத்துக் கோழிக்குச் சரியாக இருக்கலாம். அறுபது கோழி எங்கள் மணல் வளவில் இரண்டு வாரத்தில் புல் பூண்டு எல்லாவற்றையும் முடித்துவிடும். மேய்ச்சலால் தீனில் ஒரு சிறு பங்குதான் குறையும். உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நடந்து, சீய்த்து, மண்ணில் குளித்து வளர்ந்த கோழியின் தொடை இறுகும், நிறம் ஏறும். மனம் கெட்டுச் சண்டை பிடிக்காது.

குஞ்சுகளுக்குக் கறையான் கொடுத்துப் பாருங்கள். உடைந்த சட்டியில் ஈரச் சாணமும் பழைய வைக்கோலும் திணித்து, பின்னேரம் வேலியோரம் கவிழ்த்துவிடுங்கள். ஓரிரு நாளில் தூக்கினால் அடியில் வெள்ளையாய் நெளியும். அதைத் தட்டும் சத்தத்தை என் குஞ்சுகள் இரண்டு நாளில் பழகிவிட்டன. இப்போது சட்டியைத் தொட்டாலே காலுக்குள் வந்து விழுகின்றன.

கீரி, காகம், நாய்: எதற்குத்தான் காவல் இருப்பது?

மூன்றுக்கும் மூன்று விதமாக. காகம் ஆறு வாரம் வரைதான், அதுவரை மேலே வலை. கீரி பகலில் வரும், சிறு பொந்து போதும். ஆகவே வலையை ஒரு அடி மண்ணுக்குள் புதையுங்கள். இரவில் மரநாய் வரும். பொழுதுபட எண்ணி அடைத்துக் கதவைப் பூட்டுங்கள். நாய்க்கு நல்ல வேலி தவிர வேறு மருந்து இல்லை.

ஊர்க்கோழி மாதிரிதானே, தடுப்பூசி எதற்கு?

நாள் கூடக் கூட நோய்க்கும் நாள் கூடுகிறது. 35 நாளில் போய்விடும் புரொயிலருக்கு வராத அம்மை, 16 வாரம் இருக்கும் கோழிக்கு வரலாம். இராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் ஒரு வளவுக்குள் புகுந்தால் அறுபதில் ஆறு மிஞ்சுவது அதிசயம். இராணிக்கெட், கம்போரோ, அம்மை மூன்றுக்கும் எந்த நாளில் எது என்பதை மிருக வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். இடத்துக்கு இடம் அட்டவணை மாறும்.

தண்ணீரில் கலக்கும் தடுப்பு மருந்தைக் குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள். குளோரின் அதைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரே நல்லது. ஆடை நீக்கிய பால்மாவை லீற்றருக்கு இரண்டரைக் கிராம் கரைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. கடையிலிருந்து வீட்டுக்கு வரும்வரை ஐஸ் இல்லாவிட்டால் நீங்கள் கொண்டுவருவது வெறும் தண்ணீர்தான். நோய்க்கு மருந்து கொடுத்தால், அறுப்பதற்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கும். அந்த நாளுக்குள் விற்கக் கூடாது. என் சொந்த வீட்டுச் சட்டிக்கும் அதே விதிதான்.

இவ்வளவு ஏன்? புரொயிலர் குஞ்சையே வாங்கி மூன்று மாதம் வைத்திருந்தால் சுவை வந்துவிடுமே?

நானும் இப்படித்தான் கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். இருபது குஞ்சு வாங்கினேன். ஏழாம் வாரம் மூன்றரைக் கிலோ. ஒன்பதாம் வாரம் நான்கு கோழி கால் விரித்து விழுந்து எழும்பவில்லை. பத்தாம் வாரம் கச்சான் தொடங்கியது. ஒரே பின்னேரம் ஏழு போயின. தண்ணீர்ச் சட்டி இரண்டு முழம் தள்ளி இருந்தது. அந்த இரண்டு முழத்தை அவற்றால் நடக்க முடியவில்லை.

தீனைக் குறைத்துக் கொடுத்தால் தப்புமே என்பார்கள். தப்பும். ஆனால் பசிக்கென்றே இனம் பெருக்கிய கோழி அது. அரைவயிற்றோடு விட்டால் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கத்தும், வெறும் மண்ணைக் கொத்தும். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சமைக்க முடியவில்லை.

உங்கள் கோழி றப்பர் மாதிரி இருந்தது அக்கா. காசு கொடுத்தது வீண்.

இதைச் சொன்னவர் அறுத்த கையோடு சட்டியில் போட்டு, புரொயிலர் போல இருபது நிமிடத்தில் இறக்கியிருக்கிறார். அறுத்த சில மணி நேரத்துக்குத் தசை விறைக்கும். அந்த நேரத்தில் அடுப்பில் வைத்தால் எந்தக் கோழியும் இறுகத்தான் செய்யும். துப்புரவாக்கி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். மறுநாள் இரண்டாம் பாலில் கறித்தூள், ரம்பை, கறிவேப்பிலை போட்டு, மூடியபடி மெல்லிய நெருப்பில் ஒரு மணி நேரம். முதற்பால் கடைசியில். வயது கூடிய கோழியில் தசையைக் கட்டும் நார் இறுகியிருக்கும். அது ஆறுதலாகக் கரைந்தால்தான் குழம்பு கெட்டியாகும்.

நான் 16 வாரத்துக்குள் விற்றுவிடுவது இதனால்தான். அதற்கு மேல் சேவல்கள் கொத்துப்படத் தொடங்கும், இறைச்சியும் இன்னும் இறுகும்.

நாங்கள் கிண்ணியாவிலிருந்து வருகிறோம். உங்கள் கோழி ஹலாலா?

நான் உயிரோடுதான் விற்கிறேன். அறுப்பது உங்கள் கையில். மூதூர், கிண்ணியாவிலிருந்து வருபவர்கள் தாங்களே பிஸ்மி சொல்லி அறுத்துக்கொள்கிறார்கள். ஒரு கோழி பார்க்க மற்றதை அறுக்காதே, அதன் முன்னால் கத்தி தீட்டாதே என்று அவர்களில் வயதான ஒருவர் தம் மகனுக்குச் சொன்னதைக் கேட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் வேலிக்கு மறைவில்தான் அறுக்கிறோம்.

இரவில், இருட்டில் பிடியுங்கள். கோழி பதறாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சைக்கிள் கைப்பிடியில் கட்டுவதை என் படலைக்குள் அனுமதிப்பதில்லை, பெட்டி கொண்டுவர வேண்டும். அறுப்பதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் தீனை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். அறுத்து விற்க நினைப்பவர்கள் தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

புரொயிலர் விலையை விட இவ்வளவு கூட ஏன்? கொள்ளையடிக்கிறீர்களா?

ரூபாயை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். 2022இல் தீன் விலை ஏறிய வேகத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். கிலோவில் சொல்கிறேன். ஒன்றேமுக்கால் கிலோ புரொயிலருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ தீன் போதும். என் கோழி அதே நிறைக்கு ஏழு கிலோ தின்னும். நாலு மாத உமி, ஊசி, காவல் வேறு. துப்புரவாக்கினால் மிஞ்சுவது ஒன்றேகால் கிலோகூட வராது.

எனவே தீன் விலையை ஏழால் பெருக்கி, குஞ்சு விலை, மருந்து, செத்தவற்றின் பங்கு, உங்கள் கூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். உங்கள் கூலியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டாம் தொகுதியோடு கொட்டிலை விறகாக்கிவிடுகிறார்கள். தீன் கூடுதலாகச் செலவாவது உலகத்துக்கு நல்லதா என்று பல்கலைக்கழக மாணவன் ஒருவன் கேட்டான். நல்லதல்லதான் தம்பி. அதனால்தான் எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒருநாள் மட்டும் கோழி.

கடைசியில் கழுத்தை அறுக்கத்தானே போகிறீர்கள்? அதற்கு முன் செல்லம் கொடுத்து என்ன?

செல்லம் இல்லை. நடக்கக் கால், குளிக்க மண், ஏறிக் குந்தக் கொம்பு: இவ்வளவுதான். அறுப்பது ஒரு நிமிடம். அதற்கு முன்னிருக்கும் 112 நாட்கள் என் பொறுப்பு. கேட்டவர் மரக்கறிக்காரர், அவருக்கு இந்தப் பதில் போதவில்லை. நான் அவரோடு வாதாடவும் இல்லை, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

பிள்ளைகள் ஒரு சேவலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது அறுக்க விடமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, கறுப்பன். ஐந்து வயது, மொட்டைக்கழுத்து, ஒரு கண் தெரியாது. விடிய நாலு மணிக்கு ஒழுங்கையையே எழுப்புகிறான். அடுத்த தொகுதிக்கு அவனையே தகப்பனாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.